“கால் நிக்க மாட்டேங்குது, சிஸ்டர்”

மனநல வார்டில் வேலை பார்க்கும் 26 வயது செவிலியர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆள் தெரியாதபடி சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன்.

மூன்று வருடம் அறுவை சிகிச்சை வார்டில் இருந்தவரை நான்கு மாதத்துக்கு முன்னால் மனநல வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். மொத்தம் 20 கட்டில். இரவில் இவர் ஒருவர்தான், உதவிக்கு ஓர் அட்டெண்டர். பாலிடெக்னிக் படிக்கும் 23 வயதுப் பையன் ஒருவனை அவனுடைய அம்மா சேர்த்திருக்கிறார். யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள், சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று அவனுக்குப் பயம். இரண்டு நாளாக, மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் என்ற மருந்தை ஊசியாகப் போட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் இரவு அவன் படுக்கவே இல்லை. வார்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்திருக்கிறான். உட்காரச் சொன்னால் உட்காருவான், இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுவான். “கால் நிக்க மாட்டேங்குது சிஸ்டர், வெளியே விடுங்க” என்று கெஞ்சியிருக்கிறான். “ஒழுங்காப் படு, இல்லைன்னா கட்டிப்போட்டுடுவோம்” என்று இவர் அதட்டியிருக்கிறார். டியூட்டி டாக்டரை போனில் கூப்பிட, அதே ஊசியை இன்னொரு தடவை போடச் சொல்லியிருக்கிறார். ஊசியோடு கிட்டே போனதும் பையன் தள்ளிவிட்டான். இவர் தலை மருந்து ட்ராலியில் இடித்து உதடு கிழிந்துவிட்டது. அப்புறம் நாலு பேர் சேர்ந்து பிடித்து, பாண்டேஜ் துணியால் கை கால்களைக் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள். இரவு 11.30-க்குக் கட்டியதைக் காலை 5.30-க்குத்தான் அவிழ்த்திருக்கிறார்கள். காலையில் வந்த அம்மா, மகனின் மணிக்கட்டில் இருந்த தடத்தைத் தடவிப் பார்த்து அழுதாராம்.

இவர் கேட்பது நான்கு. செய்தது தப்பா, சட்டச் சிக்கல் வருமா? மாத்திரையை ரசத்தில் கலந்து கொடுக்கச் சொல்லி அம்மா கெஞ்சுகிறாரே, கொடுக்கலாமா? தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நோயாளியிடம் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டது போல ஆகாதா? கடைசியாக, ‘நான் மனநல செவிலியர் இல்லை, எனக்கு இது ஒத்துவராது, வேறு வார்டு கேட்டுப் போய்விடட்டுமா?’

அன்புள்ள சிஸ்டர்,

முதலில் உங்கள் உதட்டுக் காயம். நான்கு பக்கக் கடிதத்தில் அதற்கு ஒரே வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். தலை இடித்ததை யாராவது பரிசோதித்தார்களா? இன்னும் தலைவலியோ தலைசுற்றலோ இருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். “சைக்கியாட்ரி வார்டுன்னா இதெல்லாம் சகஜம்” என்று உங்கள் சீனியர் சொன்னாராம். சகஜம் இல்லை. நான் மனநல வார்டு வேலையில் 24 வருடமாக இருக்கிறேன். இரண்டு தடவை அடிபட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் யோசித்துப் பார்த்தால், அந்த அடிக்கு முன்னால் சில மணி நேரம் இருந்தது, அதில் நாங்கள் யாரும் கவனிக்காத ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்தது.

உங்கள் கடிதத்திலும் அது இருக்கிறது. அதனால்தான் கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களுக்கு போன் செய்தேன்.

அந்த நடையைப் பற்றி

நின்றுகொண்டிருக்கும்போதும் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றான், கட்டிலில் உட்கார்ந்தாலும் பாதத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே இருந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு நுணுக்கமாக நீங்கள் பார்த்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். நீங்கள் பார்த்ததற்குப் பெயர் அகதீசியா, மருந்தின் பக்கவிளைவாக வரும் நிலைகொள்ளாத தவிப்பு. ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளைத் தொடங்கிய முதல் சில நாட்களில், சில சமயம் சில மணி நேரத்திலேயே, இது வரும். மருந்தைக் கூட்டும்போதும் வரும். உடம்புக்குள் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது, தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடலாம் போலிருக்கிறது என்றெல்லாம் நோயாளிகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நடந்தால் கொஞ்சம் தணியும். அதனால்தான் நடக்கிறார்கள்.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இதுவும் நோய் முற்றியது போலவே தெரியும். அப்போது அதே ஊசியை இன்னொரு தடவை போட்டால், எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றிய கதைதான். அந்தப் பையனுக்கு அன்று நடந்தது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் போனில் பேசிய டாக்டருக்கு நடை தெரியவில்லை. “பேஷன்ட் வயலன்ட்டா இருக்கார்” என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. நாம் என்ன வார்த்தை சொல்கிறோமோ, அதற்குத்தான் மருந்து வரும். “ஊசி போட்டு இரண்டு நாள் ஆகிறது, உட்கார முடியவில்லை, கால் நிற்கவில்லை என்று அவரே சொல்கிறார், அகதீசியாவா என்று பாருங்கள் டாக்டர்” என்று நீங்கள் சொல்லியிருந்தால் அந்த இரவு வேறு மாதிரி போயிருக்கலாம். உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. அடுத்த முறை போனை எடுக்கும்போது இந்த வாக்கியம் வாயில் வர வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சந்தேகம் வந்தால் நோயாளியிடமே கேட்டுவிடுங்கள்: “தம்பி, பதற்றம் மனசில இருக்கா, காலில இருக்கா?” பெரும்பாலும் தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். மருந்தின் அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, புரோப்ரனலால் போன்ற மாத்திரை சேர்ப்பது என்று வழிகள் உண்டு. எது யாருக்குப் பொருந்தும் என்பது டாக்டரின் முடிவு. நான் போன் செய்த மறுநாள் ரவுண்ட்ஸில் நீங்கள் இதைச் சொன்னதாகவும், மருந்தை மாற்றியபின் பையன் இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்றும் பதில் போட்டிருந்தீர்கள். அந்தச் செய்தியை இரண்டு தடவை படித்தேன்.

என் கதை ஒன்றையும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். லித்தியம் என்ற மனநோய் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா காலையிலிருந்து வாந்தி, கை நடுக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நடக்கும்போது தள்ளாடினார். முந்தின வாரம்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்திருந்தார் என்பதால், நடிக்கிறார் என்று நானே நோட்டில் எழுதி வைத்தேன். மாலை டியூட்டிக்கு வந்த மூத்த சிஸ்டர் அவரைப் பார்த்த மாத்திரத்தில், அந்த வேளை மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். இரத்தத்தில் லித்தியம் அளவுக்கு மீறி ஏறியிருந்தது. இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் உடம்பில் நீர் வற்றியதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். மனநோய் என்ற ஒரு சொல் நோட்டில் ஏறியதும், அவருக்கு ஓர் உடம்பும் இருக்கிறது என்பதை நான் மறந்துவிட்டேன். க்ளோசபைன் என்ற மனநோய் மருந்தை எடுப்பவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் வெள்ளை அணுக்களைப் பார்க்க வேண்டும். ஊசி போட்டவருக்குக் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கண் மேலே செருகினால் அது நடிப்பு இல்லை, பேயும் இல்லை, உடனே மாற்று மருந்து தர வேண்டிய பக்கவிளைவு. காய்ச்சலோடு உடம்பு விறைத்து, பேச்சும் குழறினால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. அறுவை சிகிச்சை வார்டிலிருந்து வந்த உங்களுக்கு டெம்பரேச்சர், பி.பி. பார்ப்பது கைப்பழக்கம். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கட்டுவதைப் பற்றிச் சட்டம் சொல்வது

நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு மணி நேரம் சட்டப்படி சரியில்லை. ஆனால் அந்தப் பொறுப்பு உங்கள் ஒருவர் தலையில் மட்டும் இறங்குவதும் இல்லை.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 97-ஆம் பிரிவு. நோயாளியைத் தனி அறையில் அடைத்து வைப்பது கூடவே கூடாது. கட்டுவது என்றால், அவருக்கோ மற்றவருக்கோ அந்தக் கணமே ஆபத்து வரப்போகிறது, அதைத் தடுக்க வேறு வழியே இல்லை என்ற நிலையில் மட்டும். அதற்கும் அவருக்குச் சிகிச்சை தரும் பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும். ஆபத்து விலகியதும் அவிழ்த்துவிட வேண்டும். ஏன் கட்டினோம், எப்படிக் கட்டினோம், எவ்வளவு நேரம் என்பதை உடனே கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். எழுதப்படுகிறதா என்று பார்ப்பது அந்த மனநல நிலையத்துக்குப் பொறுப்பான மருத்துவ அதிகாரி அல்லது மனநல வல்லுநரின் கடமை. நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவருக்கு, 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். தண்டனையாகவோ பயமுறுத்தவோ கட்டக் கூடாது. “கட்டிப்போட்டுடுவோம்” என்று நீங்கள் அதட்டியது, வாய்ப்பேச்சாக இருந்தாலும், சட்டம் எதை வேண்டாம் என்கிறதோ அதுவேதான். அப்புறம் முக்கியமான ஒன்று: ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணமாகக் காட்டிக் கட்டக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 20 நோயாளிகளுக்கு இரவில் ஒரு செவிலியர் என்பது உங்கள் தவறு இல்லை. நிர்வாகம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கிலி போடுவதை இதே சட்டம் அடியோடு தடை செய்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பூட்டியிருந்ததால் ஓட முடியாமல் கருகியவர்களைச் சேர்த்து 28 பேர் இறந்தார்கள். பாண்டேஜ் துணிதானே, சங்கிலியா என்ன என்று உங்கள் வார்டில் யாராவது சொன்னால், ராத்திரி தீப்பிடித்தால் ஒரே ஆளாக எத்தனை முடிச்சை அவிழ்ப்பீர்கள் என்று கேளுங்கள்.

உங்கள் நோட்டில் “ஊசி போடப்பட்டது, நோயாளி ஆக்ரோஷம்” என்பதோடு நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய பதிவில் கை வைக்காதீர்கள். இன்றைய தேதியும் நேரமும் போட்டு, ‘லேட் என்ட்ரி’ என்று தலைப்பிட்டு, கட்டிய நேரம், அவிழ்த்த நேரம், யார் சொல்லிக் கட்டியது, மணிக்கட்டுத் தடம், உங்கள் காயம் எல்லாவற்றையும் நடந்தபடி எழுதுங்கள். நர்சிங் சூப்பரின்டென்டன்ட்டுக்கும் தெரியப்படுத்துங்கள். பையனோ அம்மாவோ மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் புகார் கொடுக்கலாம், அது அவர்கள் உரிமை. அப்படி வந்தால் வக்கீல் ஒருவரைப் பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையை முன்கூட்டியே எழுதி வைத்தவருக்கு அங்கே பதில் சொல்வது சுலபம்.

பையன்மேல் போலீசில் புகார் கொடுக்கச் சொல்லித் தோழி ஒருவர் வற்புறுத்துகிறாராம். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. புகார் கொடுப்பது உங்கள் உரிமை. ஆனால் மனநோயால் தான் செய்வது இன்னதென்று அறிய முடியாத நிலையில் ஒருவர் செய்த செயல் குற்றமாகாது என்று குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். மருந்தின் தொந்தரவு தாங்காமல் கெஞ்சிய பையன் அவன்.

இனி ஒருநாள் இப்படி வந்தால், கட்டுவதற்கு முன்னால் இருக்கும் அந்த நேரத்தைப் பயன்படுத்துங்கள். ஒருவர் மட்டும் பேசட்டும். வாசலை மறைத்து நிற்காதீர்கள், அவருக்கும் வழி இருக்கட்டும், உங்களுக்கும் இருக்கட்டும். கழுத்திலிருந்து ஸ்டெதஸ்கோப்பையும் அடையாள அட்டைக் கயிற்றையும் கழற்றிவிடுங்கள். கையெட்டும் தூரத்துக்கு அப்பால், நேருக்கு நேர் நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நின்று, குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். “நடக்கணுமா? சரி, இந்த வராந்தாவில நடங்க, நானும் வர்றேன்.” எத்தனையோ இரவுகள் நான் இப்படிக் கூட நடந்திருக்கிறேன்.

எல்லாம் செய்தும் கட்டியே தீர வேண்டிய நிலை அபூர்வமாக வரும். அப்போது சுருட்டிய பாண்டேஜ் வேண்டாம், இழுக்க இழுக்க அது இறுகும். மெத்தென்ற அகலமான பட்டை கேளுங்கள். குப்புறப் போடக் கூடாது. ஒருவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை விரல்களின் நிறம், மூச்சு, நாடி பாருங்கள். ஊசி போட்டிருந்தால் இன்னும் கவனம். தண்ணீர் கொடுங்கள், சிறுநீர் வருகிறதா என்று கேளுங்கள். அந்த ஆறு மணி நேரத்தில் அவனுக்கு யாராவது தண்ணீர் கொடுத்தார்களா? கடிதத்தில் அது இல்லை.

ரசத்தில் கலக்கும் மாத்திரை

அந்த அம்மாவின் தவிப்பு புரிகிறது. வீட்டில் மாதக்கணக்கில் அப்படித்தான் கொடுத்திருப்பார். ஆனால் சாப்பாட்டில் விஷம் கலக்கிறார்கள் என்பதுதானே இந்தப் பையனின் பயமே. ரசத்தில் ஒருநாள் கசப்பு தெரிந்துவிட்டால், அவன் சந்தேகப்பட்டது உண்மை என்று நாமே நிரூபித்ததாகிவிடும். அப்புறம் அம்மா கையால் ஒரு வாய்ச் சோறுகூட இறங்காது. செவிலியராக நீங்கள் அதைச் செய்யக் கூடாது. நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து மருந்து கொடுப்பதுதான் முறை. குடும்பத்தின் ஆதரவோடு அதே 2017 சட்டத்தின் 89-ஆம் பிரிவில் சேர்க்கப்பட்டு, முடிவெடுக்க ஏறக்குறைய முழு உதவி தேவைப்படும் நிலையில் இருந்தால், நியமனப் பிரதிநிதி தற்காலிகமாகச் சம்மதம் தரலாம். அப்போதும் ஏழு நாளுக்கு ஒருமுறை நோயாளியின் திறனை மறுபடி பார்க்க வேண்டும். ஒளித்துக் கொடுக்க அதில் இடமில்லை.

மாத்திரை ஏன் வேண்டாம் என்று அவனிடம் யாராவது கேட்டார்களா? காலை வகுப்பில் தூங்கி விழுகிறேன், எடை போடுகிறது, ராத்திரி எச்சில் வழிகிறது என்று காரணம் ஏதாவது இருக்கும். நாக்கில் வைத்ததும் கரையும் மாத்திரை இருக்கிறது. சில வாரங்களுக்கு ஒரு ஊசி என்ற முறையும் இருக்கிறது. அவன் எதிரிலேயே அட்டையிலிருந்து பிரித்துக் கொடுங்கள், பெயரைச் சொல்லுங்கள். விழுங்கியதும் “வாயைத் திற” என்று பள்ளிப் பிள்ளையைப் போலச் சோதிக்காமல், ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லும்போது கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். அவரும் தூங்கி எத்தனை நாள் ஆயிற்றோ.

கேட்டால் எண்ணம் வந்துவிடுமா?

வராது. கேட்பதால் தற்கொலை எண்ணம் உண்டாவதில்லை. ஏற்கெனவே இருந்தால், தனியாகச் சுமந்ததை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கிறது. சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: “உயிரை விட்டுடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சீங்களா?” அகதீசியா இருப்பவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும், ஏனென்றால் அந்தத் தவிப்பே சிலரை அங்கே தள்ளிவிடும். ஆம் என்றால் தனியே விட்டுவிட்டு டாக்டரைத் தேடிப் போகாதீர்கள், ஆள் விட்டுக் கூப்பிடுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐ எழுதிக் கொடுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

குரல் கேட்கிறது என்பவரிடமும் இப்படித்தான். “அப்படி ஒண்ணும் இல்லை” என்று வாதாடவும் வேண்டாம், கேட்கிறது என்று ஒத்து ஊதவும் வேண்டாம். “எனக்குக் கேக்கலை தம்பி. உங்களுக்குக் கேக்குது, அது பயமாத்தான் இருக்கும். என்ன சொல்லுது?” அந்தக் குரல் எதையாவது செய்யச் சொல்கிறதா என்பது நமக்குத் தெரிய வேண்டும்.

வேறு வார்டு

போகலாம், அதில் வெட்கம் இல்லை. ஆனால் ‘நான் மனநல செவிலியர் இல்லை’ என்பதற்காகப் போக வேண்டாம். பொது நர்சிங் பட்டயமோ பட்டமோ பெற்று மாநில கவுன்சிலில் பதிவு செய்தவரையும் மனநல செவிலியர் என்றே 2017 சட்டம் வரையறுக்கிறது. பயிற்சி போதவில்லை என்பது வேறு. அதைக் கேட்டு வாங்குங்கள். ஆர்வம் வந்தால் பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனத்தில் மனநல நர்சிங்குக்கு ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. இரண்டு மாதம் பொறுத்துப் பாருங்கள். இரவு டியூட்டி என்றாலே வயிறு கலங்குகிறது, தூக்கத்தில் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது என்றால் ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. பையன் இன்னும் வார்டில்தான் இருக்கிறான். நாளைக்கு நாலு மணி டீ நேரத்தில், கையில் ஊசி ட்ரே இல்லாமல் அவன் கட்டிலுக்குப் போங்கள். “அன்னைக்கு கால் நிக்கலைன்னு நீங்க சொன்னீங்க, நான் காதுல வாங்கிக்கலை. கட்டிப்போட்டதுக்கு மன்னிச்சுக்கங்க தம்பி. மறுபடி அப்படி இருந்தா என்கிட்ட சொல்லுங்க” என்று சொல்லுங்கள். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். திருப்பிக்கொள்ளட்டும். டீயை வைத்துவிட்டு வாருங்கள். மறுநாளும் போங்கள்.